ஐஸ் மூட்டை வைத்த மோட்டார்

போன மாதம் பழைய சர்வீஸ் சென்டரிலிருந்து கண்ணன் கூப்பிட்டான். அங்கே என் பழைய மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவன்.

“அண்ணே, இனிமே பேப்பர் ஃபாரம் கெடையாது. எல்லாம் போன்லயே. மோட்டார் ஏன் சூடாச்சின்னு ஒரு லிஸ்ட்டு குடுக்கச் சொல்லிக்கிறாங்க. விரல் வெச்சா காரணம் வந்து விழணுமாம். நீங்க ஒரு பத்து சொல்லுங்க.”

வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். மின்னழுத்தக் குறைவு. தேய்ந்த பேரிங். இறுகிய பெல்ட். தவறான கெபாசிட்டர். அடைபட்ட காற்றுவழி. ஒன்பது வரைக்கும் வந்து நின்றேன்.

“பத்தாவதா உப்புக்காத்து போட்ரட்டா? காசிமேடு, எண்ணூரு பக்கம் பாதிக்கு மேல அதான எழுதறோம்.”

“அத மட்டும் போடாத.”

குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். ஏன் போடக் கூடாது என்று அவன் கேட்டான். போனில் சொல்கிற கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கினேன். ராயபுரத்தில் பிறந்தேன், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் ஐந்து வருடம் முதுகு வளைந்தேன், பிறகு திருவொற்றியூர் சர்வீஸ் சென்டரில் இருபத்தெட்டு வருடம். கற்றுக்கொண்ட காலம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். அடங்காதது வாசனை. எரிந்த மோட்டாரின் மூடியைக் கழற்றும்போது கிளம்பும் வார்னிஷ் வாசனை, அடிப்பிடித்த பாகும் கருகிய துணியும் கலந்த மாதிரி. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்க, அவற்றின் டீசல் புகைக்கும் கடலின் ஈரத்துக்கும் நடுவில் அந்த வாசனை வந்தால், கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பட்டறை என்று சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. என்னால் உட்கார முடியாது. பள்ளிக்கூடத்திலும் முடிந்ததில்லை, பூசையிலும் முடிந்ததில்லை. கால் தானாக நடக்கும். கை தானாக எதையாவது எழுதும். சர்வீஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பழுது விவரம் இருக்காது. ‘துறைமுகத்தின் கிரேன்கள் வானத்தைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி எடுக்கின்றன’ என்கிற மாதிரி வரிகள் இருக்கும். பின்பக்கத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சில சமயம் முன்பக்கத்துக்கும் வந்துவிடும்.

அதைப் பிடித்தவர் அமுதா மேடம்.

என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். வியாசர்பாடி குடியிருப்பில் வளர்ந்து, டிப்ளமோ முடித்து, எங்கள் சென்டருக்கு மேற்பார்வையாளராக வந்தார். வந்த முதல் வாரத்தில் என் அறிக்கை ஒன்றைச் சிவப்பு மையோடு திருப்பி அனுப்பினார். ‘மோட்டார் மிகவும் கோபமாக உள்ளது’ என்று எழுதியிருந்தேன். அதன் கீழே கோடிட்டு, ‘யார் மேல்?’ என்று கேட்டிருந்தார்.

சத்தம் போடவே மாட்டார். ‘சூடு’ என்று சொன்னால் ‘எத்தனை டிகிரி?’ ‘ரொம்ப நேரம்’ என்றால் ‘எத்தனை நிமிஷம்?’ ‘எப்பவுமே இப்படித்தான்’ என்றால், பேனாவை மேசையில் வைத்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு நான் பல தடவை வாபஸ் வாங்கியிருக்கிறேன்.

சூடாகிற மோட்டார் வந்தால் அவருக்கு ஒரு முறை இருந்தது. அதில் ஒரு படியைக் கூடத் தாண்ட விட மாட்டார். முதலில் மோட்டாரைத் தொடக் கூடாது. கடைசியாக எப்போது நன்றாக ஓடியது என்று கொண்டுவந்தவரிடம் கேட்க வேண்டும். பிறகு பெயர்ப்பலகையில் இருப்பதை எழுத வேண்டும், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரின் சுழல்தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் மின்சாரம். வோல்ட்டேஜை மோட்டார் சும்மா இருக்கும்போது பார்த்தால் போதாது, கிளம்புகிற நொடியில் பார்க்க வேண்டும். கடைசியாக உடம்பின் மேல் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டவைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறிக்க வேண்டும், ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் மேடம் கவிழ்த்த பிளாஸ்டிக் கூடை ஒன்றின் மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். நான் பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் அலைவேன்.

“சேவியர், நீங்க நடந்தா நேரம் வேகமா ஓடாது. உக்காருங்க.”

உட்காருவேன். இரண்டு நிமிடம்.

அந்த முறையை நான் மதிக்க ஆரம்பித்தது காலடிப்பேட்டையில். ஓர் அடுக்கு வீட்டின் தண்ணீர் மோட்டார் தொட்டால் சுட்டது. கழற்றிக் கொண்டுபோய்க் கம்பி மாற்றிவிடலாம் என்று நான் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். மேடம் பின்பக்கத்து விசிறி மூடியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளேடால் சுரண்டினார். பச்சை. அதன் அடியில் நீலம். அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த வீட்டுக் காவலாளி மோட்டாரைக் குளிப்பாட்டி, மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்து, பொட்டு வைத்திருக்கிறார். காற்று உள்ளே போகிற சந்து எல்லாம் வருடத்துக்கு ஒரு கோட்டாக மூடிக்கொண்டே வந்திருக்கிறது. ‘காற்றுவழி அடைப்பு. ஒன்பது கோட்’ என்று எழுதிவிட்டு மேடம் எழுந்தார். அந்த மோட்டாருக்குக் கம்பி மாற்றவே இல்லை.

இனி ஞானம்மா.

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அந்தக் குழு ஓர் ஐஸ் உடைக்கிற மெஷின் வாங்கிப் போட்டது. அதுவரைக்கும் ஐஸ் பாரை, அந்த நீளக் கட்டியை, கோணிக்குள் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து உடைத்தவர் ஞானம்மா, ஐம்பத்தைந்து வயதிருக்கும். அடித்து அடித்து வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். மெஷின் வந்ததும் அவரையே ஓட்டச் சொன்னார்கள். ஒன்றரைக் குதிரைத்திறன், சிங்கிள் ஃபேஸ் மோட்டார். பெல்ட் போட்டு, முள் வைத்த உருளையைச் சுற்றும். மேலே வாய் அகன்ற பெட்டி. பாரை அதில் போட்டால் கீழே பொடியாக விழும்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே புரியாது. அதற்குத் தானாகக் கிளம்பத் தெரியாது. ஸ்டார்ட் ஆகாத மீன் வேனைப் பின்னாலிருந்து ஒருவன் தள்ளிவிடுகிற மாதிரி, அதற்குள் தனியாக ஒரு கம்பிச்சுற்று உண்டு, ஸ்டார்ட்டிங் வைண்டிங் என்போம். மெல்லிய கம்பி. அது தள்ளிவிடும். முக்கால் வேகம் வந்ததும் உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் ‘டிக்’ என்று விலகி, தள்ளினவனை விடுவித்துவிடும். ஒன்று, இரண்டு வினாடிதான் அவன் வேலை. அதற்கு மேல் தள்ளச் சொன்னால் அவன் அங்கேயே விழுந்துவிடுவான். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ள வெளியே ஒரு சிவப்புப் பட்டனும் உண்டு. ஆறின பிறகு அதை அமுக்கினால்தான் மறுபடி ஓடும்.

ஞானம்மாவின் மோட்டார் நான்காவது மாதம் எரிந்தது. நான் கம்பி மாற்றி, போய் மாட்டிவிட்டு வந்தேன். காரணம் என்ற கட்டத்தில் உப்புக்காற்று என்று எழுதினேன். எழுதும்போது யோசிக்கக்கூட இல்லை. காசிமேட்டிலிருந்து என்ன வந்தாலும் அப்படித்தான் எழுதுவோம்.

ஐந்தே வாரம். மறுபடி எரிந்தது. கம்பி மாற்றின மோட்டாரை எடுத்துக்கொண்டு பகல் பதினோரு மணிக்கு நானே போனேன். ஸ்விட்ச் போட்டேன். டிக். பாரைத் தள்ளினேன். கடித்துத் துப்பியது. அரை மணி நேரம் நின்றேன், அதுவே எனக்குப் பெரிய தவம். ஒரு குறையும் இல்லை. என் வேலையில் குறை இல்லை, மோட்டாரில் குறை இல்லை, அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? ‘சுமையுடன் சோதிக்கப்பட்டது. பயன்பாட்டுக் கோளாறு’ என்று எழுதினேன். ஃபாரம் மேடத்தின் மேசைக்குப் போவதற்கு முன்னாலேயே அதைப் போட்டோ எடுத்து, குழுவின் தலைவி ரோஸ்லினுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் முடித்துவிட நினைத்தேன். அவ்வளவுதான்.

மேடம் மறுநாள் அந்த ஃபாரத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பினார். சிவப்பு மையில், ‘எந்தப் பயன்பாடு? என்ன கோளாறு?’ பதில் எழுதாமல் அதை ட்ரேயின் அடியில் செருகி வைத்தேன்.

மூன்றாவது முறை எரிந்தபோது ஞானம்மா ஆளை அனுப்பவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷேர் ஆட்டோவில் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அவரே வந்தார். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் அது. தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில், என் காகிதங்களின் மேலேயே வைத்தார்.

“இந்தா நைனா. உன் புள்ளைய நீயே வெச்சிக்கோ.”

“யக்கா, உக்காருங்க.”

“உக்கார்றதுக்கு வர்ல. எனுக்குப் படிக்கத் தெர்யாது. ரோஸ்லின் படிச்சிக் காட்னா, அத்தினி பேரும் கேட்டுகினு இருந்தாளுங்கோ. பயன்பாட்டுக் கோளாறாமே. எனுக்கு இன்னாபா கோளாறு கண்டுபுடிச்ச நீ?”

நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

“வர்ற ஞாயித்துக்கெயம கூட்டம் போட்டுக்கிறாங்க. மிஷின எங்கைலேந்து வாங்கி வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்களாம். நான் திரும்பக் கொட்டாப்புளி எடுக்கணும். இந்தத் தோளப் பாத்தியா? இது இன்னும் ஒரு வருசம் தாங்குமா? உன் மீட்டர வெச்சிப் பாத்து சொல்லேன்.”

உள்ளேயிருந்து மேடம் வந்தார். ஞானம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னைப் பார்க்காமலே கேட்டார்: “நான் கையெழுத்துப் போடாத ஃபாரம் அவங்களுக்கு எப்படிப் போச்சு?”

சொன்னேன். மேடம் திட்டவில்லை. பேனாவை மேசையில் வைத்தார். வைத்துவிட்டு வெகுநேரம்... இல்லை, அவர் இருந்தால் கேட்பார். அரை நிமிடம் பார்த்தார்.

மூவரும் இருக்கும்போதே மோட்டாரைத் திறந்தோம். வாசனை அறையை நிரப்பியது. ஓட்டுகிற கம்பிச்சுற்று பழுப்பேறாமல் அப்படியே இருந்தது. தள்ளிவிடுகிற மெல்லிய சுற்று மட்டும் கரி.

“போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சா?”

“ஆமா மேடம்.”

“முதல் தடவ?”

“ஆமா.”

“உப்புக்காத்துன்னு எழுதியிருக்கீங்க. இவங்களுக்கு ரெண்டு கூடம் தள்ளி ஒரு மெஷின் ஓடுதில்ல?”

“தேசப்பன் மெஷினு,” என்றார் ஞானம்மா. “மூணு வருசமா ஓடுது. இதே கம்பெனி மோட்டாரு.”

“உப்புக்காத்து ஒரு சுத்த மட்டும் தேடிக் கடிக்குமா சேவியர்? அதுவும் தேசப்பன விட்டுட்டு?”

ஞானம்மா முதல் தடவையாகச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. எத்தனை டிகிரி என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மோட்டாருக்கு அன்றும் மறுநாளும் கம்பி சுற்றினேன். வேறு வேலையைத் தொடவில்லை. ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணினேன். எண்ணும்போது ஒன்று முடிவு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்துக்குப் போவேன். காரணத்தோடு போவேன். காரணம் கிடைக்காவிட்டாலும் போவேன், போய் ‘தெரியவில்லை’ என்று சொல்வேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மேடமும் நானும் காசிமேட்டில் மாட்டினோம். அவருடைய முறைப்படி ஒவ்வொன்றாக. தண்டு கையால் லேசாகச் சுற்றியது. பெல்ட் சரி. வோல்ட்டேஜ் 228. ஸ்விட்ச் போட்டேன், இரண்டாவது வினாடியில் டிக். பாரைப் போட்டோம், எட்டரை ஆம்பியர், பலகையில் உள்ளதைவிடக் குறைவு. மேடம் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். சூடு ஏறி ஓரிடத்தில் நின்றது. ஏலக்காரர்கள் போய்விட்ட கூடம், ஈரத் தரையில் செதில்கள் மினுங்க, பூனைகள் மட்டும். நான் தூணுக்கும் தூணுக்கும் நடந்தேன்.

“ஒரு கொறையும் இல்ல மேடம்.”

“நாம போட்டா இல்ல.” அவர் ஞானம்மா பக்கம் திரும்பினார். “யக்கா, காலைல மொதல்ல மிஷின் எப்ப போடுவீங்க?”

“அஞ்சு மணிக்கு. போட்டுங்கோ கரைக்கி வந்துகினு இருக்கும்போதே மிஷினப் போட்ருவேன்.”

“நாளைக்கி நாங்க வர்றோம். நாங்க கீறோம்னு நெனைக்காம, நீங்க தெனிக்கும் பண்றத அப்டியே பண்ணுங்க. ஒண்ணு கூட மாத்தாதீங்க.”

மேடம் ‘கீறோம்’ என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அலுவலகத்தில் அவர் தமிழுக்கு இஸ்திரி போட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி. வானம் இன்னும் மசமசப்பு. விசைப்படகுகள் விலா உரசி நிற்க, கூடை கைமாற, ஏலக்குரல் ஒன்றின் மேல் ஒன்று ஏற, ஆட்டோக்களும் குட்டி வேன்களும் பின்வாங்கி முன்வாங்கி இடம் பிடிக்க, அத்தனைக்கும் நடுவில் ஞானம்மா நிதானமாகக் கைகால் கழுவினார். மெஷினைச் சுற்றித் தண்ணீர் தெளித்தார். அன்றைய முதல் பாரைக் கோணியிலிருந்து எடுத்து, கட்டை விரலால் அதன் மேல் சிலுவை போட்டார். அதைத் தூக்கி மெஷினின் வாயில் வைத்தார். முழுப் பார். முள் உருளையின் மேல் அது அப்படியே உட்கார்ந்தது.

அப்புறம்தான் ஸ்விட்ச்.

மோட்டார் முனகியது. மேடம் கையில் ஸ்டாப்வாட்ச். என் காது மொத்தமும் அந்த ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தது. ஒன்று. இரண்டு. டிக் வரவில்லை. நான்கு. உருளை அரைச் சுற்று நகர்ந்து, பாரில் மோதி, மறுபடி திணறியது. ஆறு. என் கை ஸ்விட்ச் பக்கம் போனது, மேடம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தள்ளுகிறவன் தள்ளிக்கொண்டே இருக்கிறான், வண்டி உருளவில்லை. ஒன்பது. பத்து. பதினோராவது வினாடியில் சிவப்புப் பட்டன் வெளியே குதித்தது. மோட்டார் நின்றது.

“தோ, இதான்,” என்றார் ஞானம்மா. “தெனிக்கும் இப்டித்தான் மொரண்டு புடிக்கும். ரெண்டு மூணு வாட்டி போட்டா கேட்டுக்கும்.”

சொல்லிக்கொண்டே, ஒரு சின்னக் கோணியில் ஐஸ் பொடியை அள்ளி, வாயைக் கட்டி, மோட்டாரின் முதுகில், பட்டனை ஒட்டித் தூக்கி வைத்தார். சரியாக எந்த இடத்தில்? ஒவ்வொரு தடவையும் எங்கே பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்ததோ, ‘கடல் பக்கம் அப்படித்தான்’ என்று நான் துடைத்துவிட்டுப் புதுப் பெயின்ட் அடித்தேனோ, அதே இடத்தில். அந்தத் துரு ஒரு சின்னக் கோணியின் அளவிலும் வடிவிலும் இருந்தது. மூன்று தடவை அதை என் கையால் துடைத்திருக்கிறேன்.

இரண்டு நிமிடத்தில் ஞானம்மா பட்டனை அமுக்கினார். உள்ளே போய்விட்டது. பார் இன்னும் மெஷினின் வாயில்தான். அவர் ஸ்விட்சுக்குக் கை நீட்டியபோது நான் குறுக்கே கை வைத்தேன்.

“யக்கா, வேணா.”

“ஏன்பா? ஆறிப்போச்சி. தொட்டுப் பாரு.”

தொட்டேன். குளிர்ந்திருந்தது. உள்ளே அந்த மெல்லிய கம்பி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த வாசனையின் தொடக்கம் மூக்குக்கு வந்துவிட்டது. நான் அதை விளக்க ஆரம்பித்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கர், சாம்பலுக்குள் கங்கு, என்னென்னவோ உவமை. ஞானம்மா கேட்டுக்கொண்டார்.

“அப்ப காச்சக்காரனுக்கு நெத்தில ஈரத்துணி போட்டா தப்பா?”

மேடம் ஐஸ் மூட்டையைத் தூக்கித் தரையில் வைத்தார்.

“யக்கா, இது நெத்தி இல்ல. இந்த பட்டன் கீது பாரு, இதாங் இந்த மிஷினோட தர்மாமீட்டரு. நீ காச்சக்காரன உட்டுட்டு தர்மாமீட்டர ஐஸ்ல வெச்சிகினு கீற. அது காச்சலு இல்லன்னுது. நீ வேலைக்கி அனுப்பிர்ற.”

ஞானம்மா மோட்டாரைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். மெதுவாகத் தன் கழுத்தில் புறங்கையை வைத்து எடுத்தார்.

“மூணு வாட்டியும் நாந்தான் கொன்னேனா?”

“இல்லக்கா,” என்றேன். “நான் வந்து பாத்தப்போல்லாம் நானே ஸ்விட்ச் போட்டேன். போட்டு ஓடினதுக்கு அப்புறம் பாரப் போட்டேன். நீங்க எப்டி போடுவீங்கன்னு ஒரு வாட்டி கூட கேக்கல. சுமையோட டெஸ்ட் பண்ணேன்னு எழுதிட்டேன்.”

இனிமேல் காலி மெஷினில் ஸ்விட்ச் போட்டு, ஓடிய பிறகு பாரைத் தள்ளுங்கள் என்றேன். தேசப்பன் அப்படித்தான் செய்கிறார். அதற்கு ஞானம்மா தலையை ஆட்டினார், ஆகாது என்கிற ஆட்டல்.

“வெறும் வயித்தோட யாரையும் வேலைக்கி அனுப்ப மாட்டேன். எம்புருசனையும் அனுப்பல, எம்புள்ளைங்களையும் அனுப்பல. தேசப்பன் அனுப்புவான், அவன் வூட்ல அப்டி.”

பக்கத்தில் மீன் அலசிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். கண் முன்னால் காரணம் கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள், இந்த அம்மா வயிற்றைப் பற்றிப் பேசுகிறார். மேடமோ கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்.

“இருபது நிமிஷம் ஆறட்டும். அதுக்குள்ள ஒரு வழி யோசிங்கக்கா. அவசரம் இல்ல.”

ஞானம்மா முதலில் மெஷினின் வாயிலிருந்து பாரை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூலையில் சாத்தி வைத்திருந்த பழைய கொட்டாப்புளியை எடுத்து, சிலுவை போட்ட ஓரத்தில் ஒரே தட்டு. உள்ளங்கை அளவு சில்லு பெயர்ந்தது. அதை மெஷினின் வாயில் போட்டார்.

“பொறந்த கொயந்தைக்கி நாக்குல சக்கரத்தண்ணி வெக்கறதில்ல? அது வயிறு நெறையறதுக்கா வெக்கறோம்?”

இருபது நிமிடம் முடிந்ததும் ஸ்விட்ச் போட்டார். சில்லு நொறுங்கிப் பறந்தது. இரண்டாவது வினாடியில், ஏலக் கூச்சலுக்கு நடுவில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: டிக்.

“ரெண்டு,” என்றார் மேடம், எழுதிக்கொண்டே.

சனிக்கிழமை என் புது அறிக்கையை நான்கு தடவை திருப்பினார். முதலில் ‘என் அவசரத்தின் நெருப்பில்’ என்று தொடங்கியிருந்தேன். நான்காவது தடவை ஆறு வரி மிஞ்சியது. கீழே கையெழுத்துப் போட்டார்.

கூட்டம், வலை காயப்போடுகிற கொட்டகையில். முப்பது பெண்கள் இருக்கலாம். ஞானம்மா கடைசி வரிசையில், முக்காடு போட்டுக்கொண்டு. நான் எழுந்து வாசித்தேன். முந்தைய அறிக்கை தவறு. மோட்டார் கிளம்பும்போது சோதிக்கவில்லை, கிளம்பிய பிறகே சோதித்தேன். காரணம், முழுப் பாரோடு கிளப்பியது, ஐஸ் வைத்துப் பட்டனை ஆற்றியது. இரண்டையும் செய்யக் கூடாது என்று மெஷின் மாட்டிய நாளில் எங்கள் சென்டர் யாருக்கும் சொல்லவில்லை. மாட்டியவன் நான். சேவியர்.

“அப்ப நீ இன்னாத்துக்கு அந்தப் போட்டோவ அனுப்ன?” என்று கேட்டார் ரோஸ்லின்.

“சீக்கிரம் முடிக்கணும்னு.”

“எங்க மீனுகூட அவ்ளோ சீக்கிரம் கெடாது,” என்றது ஒரு குரல். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நின்று வாங்கிக்கொண்டேன்.

ரோஸ்லின் சிரிக்கவில்லை. “பேப்பர்ல எத வேணாலும் எழுதலாம், அன்னிக்கி ஒண்ணு எழுதின, இன்னிக்கி ஒண்ணு எழுதிக்கினு வந்துக்கற. ஒரு மாசம் பாப்போம். நடுவுல எரிஞ்சா மிஷினு கைமாறும்.”

ஒரு மாதம். நான் தினமும் போனேன். யாரும் சொல்லவில்லை, மேடம்கூட. வேலைக்குப் போவதற்கு முன் ஐந்து மணிக்கு அங்கே நின்று, அந்த ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டு நோட்டில் எண்ணை எழுதுவேன். இரண்டு. இரண்டு. ஒன்றரை. மழை பெய்த நாள் இரண்டு. ஒரு நாள் பட்டன் குதித்தது. ஞானம்மா ஐஸ் மூட்டையைத் தொடவில்லை, மெஷினின் வாயைக் கையால் காலி செய்துவிட்டு, ஐஸ் கேட்டு நின்ற பத்துப் பேரிடம் “அதுக்குக் காச்சலு, இருபது நிமிசம் நில்லுங்கோ” என்றார். கத்தினார்கள். அசையவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் நின்றார்.

முப்பதாவது நாள் எனக்கே உடம்பு சரியில்லை. கண்ணெல்லாம் எரிந்தது. இருந்தாலும் போனேன். ரோஸ்லினும் வந்திருந்தார். ஞானம்மா சில்லைப் போட்டார், ஸ்விட்ச் போட்டார். இரண்டு. நூறு கூடைக்கு ஐஸ் உடைந்து முடியும் வரை ரோஸ்லின் நின்றார். கடைசியில் உள்ளங்கையை மோட்டாரின் முதுகில் வைத்தார். எடுக்காமல் வைத்திருந்தார்.

“இங்கியே இருக்கட்டும் ஞானம். நீயே ஓட்டு.”

அவ்வளவுதான் தீர்ப்பு. நான் நோட்டை மூடிவிட்டு, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன். கால் பின்னியது. ஞானம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, புறங்கையை என் கழுத்தில் வைத்தார்.

“எங்க ஓட்ற? சுடுது.”

“ஒண்ணும் இல்லக்கா. வேலைக்கி நேரமாச்சி.”

பக்கத்தில் ஐஸ் மலையாகக் குவிந்திருந்தது. ஒரு கை அள்ளி நெற்றியில் வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மேடம் உட்கார்ந்த அதே கூடையை இழுத்து, கவிழ்த்து, என் முன்னால் போட்டார்.

“ஐஸெல்லாம் கெடையாது ஒனக்கு. இருபது நிமிசம். உக்காரு.”

உட்கார்ந்தேன்.